அர்ச். பிரான்சிஸ்கு அசீசியார் கொண்டாடிய திருநாள்

தபசினால் பேர் பெற்ற அர்ச்சியசிஷ்டவர்கள் உண்டு. கல்வியினால் பேர் பெற்றவர்களும் உண்டு. அசீசி நகரத்துப் பிரான்சிஸ்குவை உலகம் அறிந்திருப்பது அவருடைய தரித்திரத்தினால். ஒட்டுப்போட்ட அங்கியும் இடுப்பில் கயிறும் கைகால்களிலும் விலாவிலும் ஐந்து காயங்களுமாகவே அவரைப் படங்களில் பார்த்துப் பழகிவிட்டோம். அதனால் அவர் முகம் கோணிக்கொண்டு வாழ்ந்தவர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. திருநாள் கொண்டாட அவரைப்போல் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. திருநாளை யாரோடு கொண்டாட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கற்றுக்கொள்ள அவருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்பட்டது.

இத்தாலி தேசத்தில் உம்பிரியா நாட்டைச் சேர்ந்த அசீசி நகரில் 1181 அல்லது 1182-ம் ஆண்டில் அவர் பிறந்தார். தகப்பனார் பேதுரு பெர்னார்தோனே பெரிய துணி வியாபாரி. தாயார் பீக்கா அம்மாள். வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை; மகனுக்கோ கையில் பணம் தங்குவதில்லை. ஊரிலிருந்த வாலிபர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு விருந்து வைப்பார். செலவு அவருடையது. சாப்பிட்டபின் பாட்டும் கூத்துமாக இரவெல்லாம் தெருக்களைச் சுற்றி வருவார்கள். ஊரார் முணுமுணுத்தார்கள். அவரில்லாமல் அசீசியில் வாலிபர் விருந்து நடவாது என்னும் நிலை ஏற்பட்டது.

அந்த விருந்துகளில் ஒரு குறை இருந்தது. அழைக்கப்பட்டவர்கள் அனைவரும் வயிறு நிறைந்தவர்கள். தொழுநோயாளிகள் நகரத்துக்கு வெளியே இருந்தார்கள். பிரான்சிஸ்கு அவர்களைத் தூரத்தில் கண்டாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு வழியாகப் போய்விடுவாராம்.

1202-ம் ஆண்டில் அசீசிக்கும் பெரூஜியா நகருக்கும் யுத்தம் மூண்டது. பிரான்சிஸ்கு பிடிபட்டு ஏறக்குறைய ஒரு வருஷம் சிறையில் கிடந்தார். விடுதலையாகி வந்ததும் நோயில் விழுந்தார். எழுந்தபின் பழைய நண்பர்கள் மீண்டும் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். ஒருநாள் அவரையே விருந்தின் தலைவராகத் தெரிந்துகொண்டு கையில் கோலும் கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்து, பாடிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். கோலைப் பிடித்தவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கினார். நண்பர்கள் திரும்பிப் பார்க்கும்போது அவர் தெரு நடுவில் அசைவற்று நின்றுகொண்டிருந்தார். யாரைக் கலியாணம் செய்வதென்று கனவு காண்கிறாயோ என்று கேலி செய்தார்கள். ஆண்டவருடைய கரம் தம்மைத் தொட்டதை அவர் மட்டும் உணர்ந்தார். அன்றோடு அந்த விருந்துகளின் ருசி அவருக்குப் போயிற்று.

பிறகு நடந்தவை நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதைதான். ஒருநாள் வழியில் எதிர்ப்பட்ட தொழுநோயாளி ஒருவரைக் கண்டு குதிரையிலிருந்து இறங்கினார். காசு கொடுத்து, அவரை முத்தமிட்டார். அர்ச். தமியானு கோவிலின் பாடுபட்ட சுரூபத்துக்கு முன்பாக, இடிந்துபோகும் வீட்டைச் செப்பனிடும்படி கேட்ட கட்டளையைச் சிரமேற்கொண்டார். 1206-ம் ஆண்டில் மேற்றிராணியார் முன்னிலையில் உடுத்தியிருந்த துணியையும் கழற்றித் தகப்பனாரிடம் ஒப்படைத்தார். 1209-ம் ஆண்டில் முதல் சகோதரர்களைக் கூட்டிக்கொண்டு உரோமைக்குப் போய், மூன்றாம் இன்னொசென்சியுஸ் பாப்பரசரிடம் தங்கள் ஜீவிய முறைக்கு வாய்மொழியாக உத்தரவு பெற்றார். மறுபடியும் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. இம்முறை கூட்டத்தில் செல்வனும் இருந்தான், குடியானவனும் இருந்தான், படித்த குருவும் இருந்தார்.

இந்தச் சகோதரர்கள் ஊர் ஊராகச் சிதறிப் பிரசங்கம் செய்தார்கள். கூலி வேலை செய்தார்கள். தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை புரிந்தார்கள். கூலி கிடையாத நாளில் பிச்சை எடுத்தார்கள். ஆனால் இஸ்பிரீத்துசாந்து திருநாள் வந்தால் எங்கிருந்தாலும் புறப்பட்டு அசீசிக்குக் கீழே சமவெளியிலுள்ள சம்மனசுகளின் மாதா கோவிலுக்கு வந்து சேருவார்கள். போர்சியுங்குலா என்று பெயர் பெற்ற அச்சிறு கோவில் பிரான்சிஸ்கு தம் கையாலேயே செப்பனிட்டது. தனித்தனியே உழைத்தவர்கள் அங்கே ஒன்றுகூடி ஜெபிப்பார்கள். பட்ட கஷ்டங்களைச் சொல்லிக்கொள்வார்கள். யார் எங்கே போவது என்று தீர்மானித்துப் பிரிவார்கள்.

1221-ம் ஆண்டில் நடந்த கூட்டம் மிகப் பெரியது. அதில் இருந்தவராகிய ஜியானோ ஊர் யோர்தான் என்னும் சகோதரர் பிற்காலத்தில் அதைப்பற்றி எழுதி வைத்திருக்கிறார். சுமார் 3000 சகோதரர் வந்திருந்தார்களாம். அத்தனை பேருக்கும் வீடு ஏது? பாயும் தட்டியும் கொண்டு குடிசை போட்டுக்கொண்டார்கள். ஆகையால் அந்தக் கூட்டத்திற்குப் பாய்களின் சங்கம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. வெட்டவெளியில் 23 மேசைகள் வரிசையாகப் போடப்பட்டன. சுற்றுப்புறத்து ஜனங்கள் ரொட்டியும் திராட்சை இரசமும் சுமந்துகொண்டு வந்தார்கள். பிச்சைக்காரச் சபைக்கு ஊரே விருந்து வைத்தது! ஏழு நாளில், போதும், இனிக் கொண்டுவர வேண்டாம் என்று வாசலை அடைக்க வேண்டியதாயிற்று. வந்ததை வீணாக்கக் கூடாதென்று சகோதரர்கள் இன்னும் இரண்டு நாள் தங்கிச் சாப்பிட்டுப் போனார்கள்.

இவ்வளவு சந்தோஷத்துக்குள்ளே ஒரு துக்கமும் இருந்தது. சபை பெருகப் பெருக ஒற்றுமை குறைந்தது. பிரான்சிஸ்கு 1219-ம் ஆண்டில் எகிப்து தேசத்திற்குப் போய்ச் சுல்தானைச் சந்தித்துத் திரும்புவதற்குள் இங்கே புதுப்புதுச் சட்டங்கள் முளைத்துவிட்டன. அவர் விரும்பிய தரித்திரம் மிதமிஞ்சியது என்று படித்த சகோதரர் சிலர் கருதினார்கள். 1220-ம் ஆண்டில் அவர் சபையின் தலைமையை வேறொருவர் கையில் ஒப்படைத்தார். எகிப்தில் பிடித்த கண்ணோய் நாளுக்கு நாள் முற்றியது. 1221-ல் அவர் எழுதிய ஒழுங்கு நீளமென்று தள்ளப்பட்டது. மீண்டும் எழுதினார், மீண்டும் வாதாட்டம். கடைசியாக 1223-ம் ஆண்டு நவம்பர் 29-ம் தேதி மூன்றாம் ஹொனோரியுஸ் பாப்பரசர் அந்த ஒழுங்கை முத்திரையிட்டு உறுதிப்படுத்தினார். காரியம் முடிந்தது. ஆனால் நாற்பது வயதை அப்போதுதான் தாண்டிய பிரான்சிஸ்கு நோயாளியாய்க் களைத்துப்போயிருந்தார்.

கிறிஸ்து பிறந்த திருநாள் நெருங்கிற்று. உரோமையில் அவரை நேசித்த கர்தினால்மார் இருந்தார்கள். பேராலயங்களில் பாட்டுப்பூசைகள் உண்டு. நோயாளிக்கு வேண்டிய சவரட்சணையும் கிடைக்கும். அவரோ வேறொன்றை விரும்பினார்.

ரியேத்தி பள்ளத்தாக்கில் கிரேச்சியோ என்னும் மலையூர் இருக்கிறது. அதற்கருகே பாறைச் சரிவில் சகோதரர்களுக்கு ஒரு தபோவனம் உண்டு. அந்தப் பக்கத்தில் அருளப்பர் என்னும் பிரபு வாழ்ந்தார். குலத்தினால் உயர்ந்தவர், குணத்தினால் அதிலும் உயர்ந்தவர். திருநாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாகப் பிரான்சிஸ்கு அவருக்கு ஆள் அனுப்பினார். தாம் அங்கே வந்து திருநாள் கொண்டாட விரும்புவதாகவும், பெத்லேமில் பிறந்த பாலனை ஞாபகப்படுத்த ஆசைப்படுவதாகவும் தெரிவித்தார். குழந்தைக்கு வேண்டிய சௌகரியம் ஒன்றுமில்லாமல், மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவே, தீவனத் தொட்டியில் வைக்கோல்மேல் சேசுபாலன் கிடந்த விதத்தைத் தம் மாம்சக் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பதே அவர் ஆசை. பிரபு உடனே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தார். புதுமைக்கு ஆசைப்பட்டவர் என்று பேர் வராதபடி பிரான்சிஸ்கு பாப்பரசரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டார் என்று அர்ச். பொனவெந்தூர் எழுதுகிறார்.

அந்த இரவு வந்தது. பல இடங்களிலிருந்து சகோதரர்கள் வரவழைக்கப்பட்டிருந்தார்கள். ஒழுங்கைப்பற்றி வாதாடிக் கொண்டிருந்த சபையின் பிள்ளைகள் அன்றிரவு ஒரே தொட்டியைச் சுற்றி நின்றார்கள். அவர்கள் மட்டுமல்ல. சுற்றுவட்டாரத்து ஆண்களும் பெண்களும் தங்களால் இயன்ற மெழுகுதிரிகளையும் தீவட்டிகளையும் செய்து ஏந்திக்கொண்டு மலையேறி வந்தார்கள். இரவு பகல்போல் ஆயிற்று. காடு முழுவதும் பாட்டொலி. பாறைகள் அதை எதிரொலித்தன. ஆட்டிடையனும் உழவனும் பிரபுவும் துறவியும் ஒன்றாய் நின்ற அந்தக் கூட்டத்தில், மாடும் கழுதையும்கூட இடம் பெற்றிருந்தன.

அங்கே நாம் இன்று வைப்பதுபோன்ற சுரூபங்கள் இருந்ததாக எழுதப்படவில்லை. தேவமாதாவாகவும் சூசையப்பராகவும் வேஷம் போட்டவர்களைப்பற்றியும் பேச்சில்லை. தொட்டி, வைக்கோல், மாடு, கழுதை, இவ்வளவுதான். அந்தத் தொட்டியின்மேல் திவ்விய பூசை நிறைவேற்றப்பட்டது. தொட்டியில் வெறும் வைக்கோல் இருந்தது. அதன்மேல் தேவநற்கருணையில் மெய்யாகவே ஆண்டவர் எழுந்தருளினார். பெத்லேம் என்றால் அப்பத்தின் வீடு என்று பொருளல்லவா!

பிரான்சிஸ்கு குருப்பட்டம் பெறவில்லை, தியாக்கோன் மட்டுமே. ஆகவே தியாக்கோனின் உடை அணிந்து இனிய குரலில் சுவிசேஷத்தைப் பாடினார். பிறகு ஜனங்களுக்குப் பிரசங்கம் செய்தார். சேசு என்னும் நாமத்தைச் சொல்லும்போதும் பெத்லேம் என்னும் ஊரைச் சொல்லும்போதும் தேனைச் சுவைப்பவர்போல் உதடுகளை நக்கிக்கொண்டாராம். பெத்லேம் என்று அவர் உச்சரித்தது ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இருந்ததாம். வாலிபத்தில் அசீசி வீதிகளில் பாடித் திரிந்த அதே குரல்தான் அது!

அங்கிருந்த நல்ல மனிதர் ஒருவர் ஒரு காட்சி கண்டார். தொட்டியில் ஒரு குழந்தை உயிரற்றதுபோல் கிடந்தது. பிரான்சிஸ்கு அருகில் போனதும் ஆழ்ந்த நித்திரையிலிருந்து எழுந்ததுபோல் அது விழித்துக்கொண்டது. அவருடைய முதல் சரித்திரத்தை எழுதிய சகோதரர் தோமாஸ் செலானோ இதற்கு ஒரு விளக்கம் சொல்லுகிறார். பலருடைய இருதயத்தில் மறதியால் மறைந்துபோயிருந்த சேசுபாலன் இந்த ஊழியர் வழியாக மறுபடி எழுந்தார் என்பதே அந்த விளக்கம். பூசைக்குப் பிறகு அந்த வைக்கோலை ஜனங்கள் பத்திரப்படுத்தினார்கள். அதைத் தின்ற நோய்கண்ட கால்நடைகள் சுகமடைந்தன என்றும், பேறுகால வேதனைப்பட்ட பெண்களுக்கு அதனால் உதவி கிடைத்தது என்றும் செலானோ எழுதியிருக்கிறார்.

அன்பர்களே, கிரேச்சியோவில் நடந்தது ஒருநாள் உற்சாகமல்ல. அவர் அந்தத் திருநாளை எப்போதும் அப்படியே பாவித்தார். திருநாள்களுக்கெல்லாம் திருநாள் இதுவே என்பார். ஒரு வருஷம் அது வெள்ளிக்கிழமையில் விழுந்தபோது, அன்று மாமிசம் விலக்க வேண்டுமோ என்று மோரிக்கோ என்னும் சகோதரர் பேச்செடுத்தார். அப்படிப்பட்ட நாளை வெள்ளிக்கிழமை என்று சொல்வதே தவறு என்று பிரான்சிஸ்கு கடிந்துகொண்டார். இந்த நாளில் சுவர்களும் மாமிசம் உண்ண வேண்டும், உண்ண முடியாவிட்டால் அவற்றின்மேல் பூசியாவது விட வேண்டும் என்றார். வருஷமெல்லாம் சாம்பலைக் கலந்து சாப்பிட்டவர் சொன்னது இது! பணக்காரர் அன்று ஏழைகளுக்கு வயிறார உணவிட வேண்டும். மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்துக்கு மேல் தீனி வைக்க வேண்டும் என்று விரும்பினார். சக்கரவர்த்தியிடம் பேசச் சமயம் வாய்த்தால், அன்று வழியெல்லாம் தானியம் இறைக்கும்படி ஒரு சட்டம் செய்யக் கேட்பதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். வானம்பாடிகளும் மற்றப் பறவைகளும் அன்று பசித்திருக்கலாகாதாம்.

அதே மனிதர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது, தேவமாதா பட்ட தரித்திரத்தை ஒரு சகோதரர் ஞாபகப்படுத்தினார். பிரான்சிஸ்கு விம்மி அழுதுகொண்டு எழுந்து, மீதி ரொட்டியை வெறுந்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். முந்தியது சந்தோஷம், பிந்தியது துக்கம் என்று பிரிக்க முடியுமா? இரண்டும் ஒரே சிநேகத்தின் இரண்டு முகங்கள்.

கிரேச்சியோவிலேயே ஒரு பாஸ்குத் திருநாளில் நடந்த மற்றொரு சம்பவத்தையும் கேளுங்கள். சகோதரர்கள் அன்று வழக்கத்துக்கு மாறாக மேசையை உயர்த்தி, வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடிப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பிரான்சிஸ்கு தம் அறையிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று அங்கு வந்திருந்த பிச்சைக்காரர் ஒருவரின் தொப்பியை வாங்கித் தலையில் வைத்து, கையில் தடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தாம் வராவிட்டால் காத்திராமல் சாப்பிடும்படி முன்பே அவர்களைப் பழக்கியிருந்தார். அவர்கள் சாப்பிடத் தொடங்கியதும் வாசலில் நின்று, சர்வேசுரனைப் பார்த்து இந்த ஏழை நோயாளிப் பரதேசிக்குப் பிச்சை போடும்படி குரல் கொடுத்தார். உள்ளே வரச் சொன்னார்கள். வந்தவரைப் பார்த்தால், தங்கள் தகப்பன்! அவர் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு தரையில் சாம்பலருகே உட்கார்ந்து சாப்பிட்டார். இப்போதுதான் சின்னச் சகோதரனைப்போல் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். சகோதரர் சிலருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அவர் மேசையைக் கவிழ்க்கவில்லை. திருநாளில் நல்ல சாப்பாடு சாப்பிட்டதற்காகக் கோபிக்கவுமில்லை. சுவர்களுக்கும் மாமிசம் கொடுக்கச் சொன்னவர் அவரல்லவா? மேசை அழகாயிருக்கிறதே, வாசலில் நிற்பவன் இந்த மேசையைக் கண்டு உள்ளே வரத் துணிவானா என்பதே அவருடைய கேள்வி. அசீசியில் கோல் பிடித்து விருந்து நடத்திய வாலிபனுக்குத் தெரியாதிருந்தது இதுதான்.

1224-ம் ஆண்டில் அல்வெர்னா மலையில் ஆண்டவர் தமது ஐந்து காயங்களை அவர் சரீரத்தில் பதித்தார். அதன்பின் இரண்டு வருஷம் அவர் வேதனையோடு ஜீவித்தார். 1226-ம் ஆண்டில் சாவு நெருங்கியது என்று அறிந்ததும் தம்மைப் போர்சியுங்குலாவுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். உரோமையிலிருந்த யாக்கோபா என்னும் பக்தியுள்ள சீமாட்டிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். அவள் முன்பு செய்துகொடுத்த வாதுமைப் பலகாரத்தையும் கொண்டுவரும்படி கேட்டார். கடிதம் போகுமுன்பே அந்த அம்மாள் தானாகவே வந்து வாசலில் இறங்கினாள். பலகாரத்தில் கொஞ்சம்தான் அவரால் சாப்பிட முடிந்தது. உடனே, இது நம் பெர்னார்து சகோதரருக்குப் பிடிக்குமே என்று தம் முதல் சீஷரை நினைத்துக்கொண்டார். பிறகு ரொட்டி கொண்டுவரச் செய்து, ஆசீர்வதித்துப் பிட்டு, சூழ்ந்திருந்த சகோதரர் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். ஆண்டவர் பெரிய வியாழக்கிழமையில் சீஷர்களோடு அருந்திய இராப்போசனத்தின் ஞாபகமாக அப்படிச் செய்தார். அக்டோபர் 3-ம் தேதி மாலை, வெறுந்தரையில் படுத்தபடி ஆத்துமத்தை ஒப்படைத்தார். 1228-ம் ஆண்டு ஜூலை 16-ம் தேதி ஒன்பதாம் கிரகோரியார் பாப்பரசர் அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளித்தார்.

கிரேச்சியோவில் மூட்டிய நெருப்பு அணையவில்லை. அவருடைய சபையார் போன தேசமெல்லாம் குடில் வைக்கும் பக்தியைக் கொண்டுபோனார்கள். 2019-ம் ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் கிரேச்சியோவுக்கே சென்று, குடிலின் பொருளைப்பற்றிய ஒரு நிருபத்தில் அங்கே கையெழுத்திட்டார். 2023-ம் ஆண்டோடு அந்தத் திருநாளுக்கு 800 வருஷம் நிறைந்தது.

குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே! ஒவ்வொரு வருஷமும் நம் வீடுகளில் குடில் கட்டுகிறோம். காகிதத்தால் மலை செய்கிறோம், வைக்கோல் வேய்கிறோம், நட்சத்திரம் தொங்கவிடுகிறோம். பிள்ளைகளுக்கு இது எவ்வளவு ஆனந்தம்! செய்யுங்கள். புதுத்துணி உடுத்துங்கள், பலகாரம் சுடுங்கள்; பிரான்சிஸ்கு அதற்குத் தடை சொல்ல மாட்டார். ஆனால் கிரேச்சியோவில் குடில் யாருடைய வீட்டுக்குள்ளும் இருக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஏறி வரக்கூடிய மலைச்சரிவில் அது இருந்தது.

நம் தெருவில் இந்த வருஷம் துக்கம் நடந்ததால் நட்சத்திரம் கட்டாத வீடு இருக்கலாம். பிள்ளைகள் தூரதேசம் போய்விட்டதால் தனியே பூசைக்கு வரும் கிழவி இருக்கலாம். வரப்புத் தகராற்றில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி இருக்கலாம். ஒரே கோவிலில் இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக முழங்காலிட்டு, ஒரே நற்கருணை வாங்கி, வெவ்வேறு வாசலால் வெளியே போகிறார்கள். ஒழுங்கைப்பற்றிச் சச்சரவிட்ட சகோதரர்களை ஒரு தொட்டியைச் சுற்றி நிறுத்திய அர்ச்சியசிஷ்டவர் இவர்களையும் நிறுத்த வல்லவர். பூசை முடிந்ததும் யாராவது ஒருவர் முதலில் போய்க் கையைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே திருநாளுக்கு முந்தின நாள், குடிலில் வைக்கோல் பரப்பும்போது, பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: நாளை நம் வீட்டுக்கு யாரைக் கூப்பிடலாம்? அவர்கள் சொல்லும் பெயரைத் தட்டாதீர்கள். அந்த ஒருவருக்கும் சேர்த்து உலை வையுங்கள்.

அர்ச். பிரான்சிஸ்குவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.